பதினைந்து கிலோ நானூறு கிராம்

அநியாயம் நடந்தது சந்தனமாரிக்கு. வெள்ளாங்கரையில், மிளகாய் மண்டித் தெருவின் மூன்றாவது சந்தில், சுமைதூக்கும் பூமிநாதனுக்கும் தவமணிக்கும் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த சந்தனமாரிக்கு. நடந்தது இதுதான்: ஏழு வருஷம் மூன்று மாதமாக அந்தப் பிள்ளையை ஊரே தூக்கியது, ஒருத்தர்கூட ஒரு தடவைகூட அவளிடம் கேட்டுவிட்டுத் தூக்கவில்லை. பாயிலிருந்து தூக்கினார்கள், குளிக்கிற கல்லுக்குத் தூக்கினார்கள், கோவில் கூட்டத்தில் சாமி தெரியட்டும் என்று தூக்கினார்கள், சாமி போன பிறகும் இறக்காமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மா பாவம் என்று சொல்லித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அன்பாகத்தானே தூக்கினார்கள், இதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள், நாளைக் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ வந்து தங்களை அள்ளிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எல்லோரையும்விட அதிகம் தூக்கியவன் பூமிநாதன்தான். மண்டியில் நூறு கிலோ உளுந்து மூட்டையைத் தலையில் வாங்குகிறவன், பிள்ளையை இடது தோளில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது, அவள் ஒரு துண்டைப் போலத்தான் இருந்தாள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தத் தோளில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சட்டை போடும்போது அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வான். "பூமிநாதன் மாதிரி ஒரு தகப்பன் கிடைக்குமா" என்று தெரு சொன்னது, அவனும் அதைக் காதில் வாங்கிக்கொண்டான்.

சந்தனமாரியின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் முறுக்கிக்கொள்கிறது என்று ஒன்றிய மையத்தில் புதன்கிழமை தோறும் உட்காரும் இயன்முறைச் சிகிச்சையாளர் நஸ்ரின் விளக்கினாள். முறுக்கு அவிழ நாள் பிடிக்கும், சிலது அவிழாது, அவிழாததோடு வாழப் பழக வேண்டும், அதற்குத்தான் பயிற்சி என்றாள். இரண்டு புதன்கிழமை கூட்டிப் போனார்கள். காலை நீட்டும்போது பிள்ளை அழுதாள். மூன்றாவது புதன்கிழமை பூமிநாதன் மட்டும் போய், "எண்ணெய் தேய்ச்சு விட்டா போதும்னு வீட்ல சொல்றாங்க டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

"தேய்ங்கண்ணே. ஆனா எந்நேரமும் தூக்கிட்டே திரியாதீங்க."

"நூறு கிலோ தூக்குறவன் நான். எம்புள்ள எனக்குப் பாரமா?"

"உங்களுக்குப் பாரம்னு யார் சொன்னா? அவ பாரத்த அவ கால் எப்பண்ணே பாக்குறது?"

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஆனி மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்த செவ்வாய்க்கிழமை காலை, பூமிநாதன் வழக்கம்போலக் குனிந்து, மகளின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, வழக்கம்போல நிமிர்ந்தான். அவன் நிமிர்ந்தான், அவள் வரவில்லை. இன்னொரு தடவை குனிந்தான். மூன்றாவது தடவை, மண்டியில் செய்வதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு கால் அகட்டி நின்று இழுத்தான், அவன் முதுகில்தான் ஏதோ நெறுக்கென்றது. பிள்ளை பாயில் உட்கார்ந்தபடி புது யூனிபார்மின் காலரைக் கடித்துக்கொண்டு, "நேரமாச்சுப்பா" என்றாள்.

தவமணி வந்து தூக்கினாள், முடியவில்லை. பக்கத்து வீட்டு லிங்கம்மாள் அத்தை மாவு படிந்த கையோடு வந்து தூக்கினாள், முடியவில்லை. மண்டியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். குருந்தப்பன் மேஸ்திரி எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பாதவர். மின்தராசை ஆள் வைத்துக் கொண்டுவரச் சொல்லி அவள் முன்னால் வைத்தார். தராசுக்குமேல் அவளை வைக்க யாராலும் முடியாததால், அவளே முழங்காலால் தவழ்ந்து ஏறி உட்கார்ந்தாள். பதினைந்து கிலோ நானூறு கிராம் காட்டியது. கீழே இறங்கச் சொல்லி மேஸ்திரி தன் காலை வைத்துப் பார்த்தார், மறுபடி அவளை ஏறச் சொன்னார். அதே பதினைந்து கிலோ நானூறு.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நாமதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு தும்மல் தும்மினார். மிளகாய் மண்டிக்காரர்கள் எதைச் சொன்னாலும் ஒரு தும்மலோடுதான் முடிப்பார்கள்.

வெள்ளாங்கரை இதற்காக வேலையை நிறுத்தவில்லை. மிளகாய் வந்துகொண்டுதான் இருந்தது, லாரி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மூன்றாவது சந்தில் ஒரு எட்டு வைத்து, ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள், பேரே சந்தனமாரி, அம்மன்தான் கனத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள் என்று முடிவு செய்து எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். அது காய்ந்து உறுத்தியதால் அவளே பிய்த்து எறிந்தாள். ஆழ்துளைக்கிணறு லாரிக்காரன், சங்கிலி போட்டு இழுத்தால் வந்துவிடும் என்றான். அவனிடம் தவமணி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதைவிடக் கேவலம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பொங்கலுக்குப் பொங்கல் கோவில் வாசலில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் போட்டு முதுகுப் பக்கம் எறிகிற பையன்கள் பன்னிரண்டு பேர், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவன் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டான். ஒருவன் செல்போனை நண்பனிடம் கொடுத்து, "முகம் தெரியுற மாதிரி எடுறா மாப்ள" என்றான். டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்துவிட்டார். முதல் மூன்று பேர் தோற்றபோது சந்தனமாரி சிரித்தாள், ஐந்தாவது ஆள் விலாவில் அழுத்தியபோது முகம் சுருங்கினாள், ஏழாவது ஆள் வந்தபோது அழுதாள். கூட்டமோ, "விட்றாதடா, அசையுது, அசையுது" என்று கத்தியது. உள்ளேயிருந்து தவமணி பாத்திரம் கழுவிய தண்ணீரை அண்டாவோடு கொண்டுவந்து பன்னிரண்டு பேர் மேலும் ஊற்றினாள்.

"எம்புள்ள என்ன கல்லாடா? ஒங்க வீட்ல ஒரு பாத்திரம் தூக்கிருக்கீங்களாடா?"

கூட்டத்தின் கடைசியில் நின்ற பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் கைகள் தொங்கிக்கொண்டே இருந்தன. அந்தப் பன்னிரண்டு பேரும் செய்ததைத்தான் தானும் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது பிடிக்காமல் மண்டிப்பக்கம் நடந்துவிட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வழி கிடைத்தது. மண்டியில் மூட்டை நகர்த்தும் பலகை வண்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான், சின்னச் சக்கரங்கள். அதில் அவளே தவழ்ந்து ஏறிக்கொண்டால் தள்ளிக்கொண்டு போகலாம், சக்கரத்துக்கு அவள் கனக்கவில்லை. ஏறுவதற்கு ஒன்பது நிமிஷம் ஆனது. ஆனால் இந்த வருஷம் அவள் மூன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு மாடியில், மாடிக்குப் பதினெட்டுப் படி. முதல் நாளிலிருந்து அவள் படிக்கட்டின் அடியில் வண்டியில் உட்கார்ந்தே பாடம் கேட்டாள். மேலே டீச்சர் "ஏழெட்டு?" என்று கேட்டால் மாடி யோசிக்கும், கீழேயிருந்து "அம்பத்தாறு!" என்று சத்தம் வரும்.

தலைமையாசிரியர் ஞானசெல்வம் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபம். "வெயில்ல பிள்ளை கிடக்குறத என்னால பாக்க முடியலம்மா" என்று உண்மையாகவே கண் கலங்கினார். "வீட்டு வழிக் கல்வின்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல சேத்துட்டா, வாரத்துக்கு ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க. ஆடிக் கடைசியில பட்டியல் ஒன்றியத்துக்குப் போகுது. அதுக்குள்ள மேல வர வழி பாருங்க, இல்லாட்டி நான் பேர எழுதிர்றேன்."

"மூணாங்கிளாஸக் கீழ எறக்குங்க சார்" என்றாள் தவமணி.

"கீழ ரூம் எங்கம்மா இருக்கு? ஒன்னு ஆபீஸ், ஒன்னு ஒடஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்கது. ஒரு பிள்ளைக்காக முப்பது பிள்ளைய எறக்க முடியுமா?"

உடைந்த பெஞ்சுகளுக்குத் தரைத்தளத்தில் ஒரு அறை இருக்கிறது, உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு இல்லை! இதை யாரும் அன்றைக்குத் திருப்பிக் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற டீச்சரிடம் எந்தப் பிள்ளையோடு சேர்ந்து "அம்பத்தாறு" என்று கத்துவது என்றும் கேட்கவில்லை.

அந்த வாரப் புதன்கிழமை நஸ்ரின் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தாள். பூமிநாதன் வாசலை மறித்துக்கொண்டு, "டீச்சர், ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நான் பேசுன பேச்சுக்கு ஏதாச்சும் செஞ்சு வச்சீங்களா?" என்றான்.

"நான் இயன்முறை படிச்சவண்ணே. சூனியம் எங்க சிலபஸ்ல இல்ல."

உள்ளே போனவள் தூக்கிப் பார்க்கவே இல்லை. அந்த ஊரில் அவளைத் தூக்கிப் பார்க்காத முதல் ஆள் அவள்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து துணிக்கு மாட்டும் கிளிப்புகளைக் கொட்டி, "பாப்பா, இதெல்லாம் அந்த ஜன்னல் கம்பியில மாட்டணும். மஞ்சள் கிளிப்பு மேல்கம்பிக்கு, உக்காந்துட்டே எனக்கு எட்டாது. ஒனக்கு?" என்றாள். சந்தனமாரி ஜன்னலைப் பார்த்தாள், கிளிப்பைப் பார்த்தாள், தவழ்ந்தாள். கீழ்க்கம்பியைப் பிடித்து முழங்காலில் நின்றாள். ஒரு பாதத்தை முன்னால் வைக்க முயன்றாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. பூமிநாதனின் இரண்டு கைகளும் தாமாகவே போயின.

"தொடாதீங்கண்ணே."

"விழுந்துரும் டீச்சர்!"

"விழட்டும், பாய் கெடக்கு. விழும்போது கையை ஊனக் கத்துக்குவா. இங்க பாருங்க. எடை மொத்தமும் வலது முட்டிக்குப் போனாத்தான் இடது கால் லேசாகும். லேசான காலத்தான் தூக்கி வைக்க முடியும். நீங்க பிடிச்சீங்கன்னா அந்த எடை ஒங்க கைக்கு வந்துருது, முட்டிக்குப் போகவே போகாது. ஏழு வருஷமா ஒங்க கைதான் பலமாயிருக்கு."

சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்த பூமிநாதன் அப்படியே மூடிக்கொண்டான், ஏனென்றால் அவள் சொன்னது அவன் தொழில். தரையிலிருந்து லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில், தலையில் மூட்டையோடு ஏறுகிறவன் அப்படித்தான் ஏறுவான்: பாரத்தை ஒரு காலுக்கு முழுசாகக் கொடுத்து, அது வாங்கிக்கொண்டதா என்று பார்த்து, பிறகுதான் மறு காலை எடுப்பான். பலகையில் இருப்பவனை யாரும் தொடக்கூடாது என்பது மண்டியில் சட்டம். தடுமாறினாலும் தொடக்கூடாது, உதவிக்குக்கூடத் தொடக்கூடாது. வெளியிலிருந்து ஒரு விரல் பட்டாலும் அவன் கணக்கு கலைந்து மூட்டையோடு கீழே வருவான். புதிதாக வந்த ஒருவன் பாவம் பார்த்துப் பிடித்ததால்தான் குருந்தப்பன் மேஸ்திரிக்கு இடுப்பு போனது. பூமிநாதன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளச் செய்தான். சந்தனமாரி ஆடினாள், விழுந்தாள், கையை ஊன்றினாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். நாலாவது தடவை மஞ்சள் கிளிப்பு கம்பியில் ஏறியது.

மறுநாள் மண்டியில் அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "எம்புள்ள பலகையில இருக்கா."

அவ்வளவுதான், மண்டிக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளாங்கரை எப்படி மாறியது என்பதைக் கேட்டால், பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் காத்திருக்கக் கற்றுக்கொண்டது, அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. உமி அடைத்த சாக்கை உருளையாகத் தைத்து அவள் குதிரை ஏறுவதுபோல உட்காரக் கொடுத்தார்கள். முதல் சாக்கு மிளகாய் வந்த சாக்கு என்பதால் பிள்ளையும் அம்மாவும் டீச்சரும் ஒரு மணி நேரம் தும்மினார்கள். கைகளுக்குப் பயிற்சி தர மாதம் இரண்டு முறை மாவட்டத்திலிருந்து வரும் சார், ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கனமாக்கினார். அன்று முதல் சோற்றில் பாதி வாய்க்கும் பாதி கவுனுக்கும் போனது. "ஐயோ சிந்துதே, ஒரு வாய் ஊட்டிவிட்டா கொறஞ்சா போயிரும்" என்று லிங்கம்மாள் அத்தை பதறினாள். "அத்தை, நீங்க சாம்பார் ஊத்தும்போது சிந்துறது இல்லையா? ஒங்களுக்கு நாங்க ஊட்டுறமா?" என்றாள் தவமணி. சட்டைப் பொத்தான் ஒன்று போட இருபது நிமிஷம் ஆனால், அந்த இருபது நிமிஷமும் வீடு நின்றது, வண்டி நின்றது, வண்டிக்குப் பின்னால் பால்காரரும் நின்றார். அழுத நாட்கள் இருந்தன. கால் முறுக்கிக்கொண்டு முந்தின வாரம் செய்ததைக்கூடச் செய்ய முடியாத வாரங்கள் இருந்தன. நஸ்ரின் ஒருநாளும் "சரியாயிரும்" என்று சொல்லவில்லை. "நேத்து நாலு, இன்னிக்கு மூணு. நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

பள்ளிக்கூடப் படிக்கட்டில் பிள்ளை உயரத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று நஸ்ரின் கேட்டதற்கு, அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் தலைமையாசிரியர். உத்தரவு வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் காலையில் பதினெட்டுப் படிக்கும் இரும்புக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று அவர் விசாரித்தபோது, மண்டித் தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது.

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பட்டியல் போகிற நாள், காலை எட்டரை மணிக்குச் சந்தனமாரி வண்டியிலிருந்து முதல் படிக்குத் தவழ்ந்தாள். இடது கையால் குழாயைப் பிடித்தாள், வலது முட்டியை ஏற்றினாள், எடையைக் கொடுத்தாள், காத்திருந்தாள், இடது பாதத்தை இழுத்து வைத்தாள். இப்படியா ஏறுவது, இதற்குப் பெயர் ஏறுவதா என்று ஒருவர் கேட்டார். கீழே இருந்தது மேலே போனால் அதற்குப் பெயர் ஏறுவதுதான். மேலே கைப்பிடிச் சுவரில் முப்பது தலைகள், கீழே பாதித் தெரு. நாலாவது படியில் அவள் தாடையை இடித்துக்கொண்டபோது கூட்டத்தில் ஒரு குரல், "பாவம்ப்பா, யாராச்சும் பிடிங்களேன்" என்று உடைந்தது; இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்; படிக்கட்டின் அடியில் கைகோத்து நின்ற ஆறு சுமைதூக்கிகள், "பலகையில இருக்குறவள தொடாத" என்றார்கள். அவளுக்கு ஒரு படி பின்னால் பூமிநாதன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் பாதம் போன இடத்தை மட்டும் பார்த்தபடி ஏறினான். தானே நூறு கிலோவோடு ஏறும்போது அவனுக்கு இப்படி வியர்த்ததில்லை.

பதினொன்றாவது படியில் மணி ஒன்பதேகால். பன்னிரண்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கால்கள் இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன.

மேலேயிருந்து தலைமையாசிரியர் ஆறு படி இறங்கி வந்தார், கையில் பட்டியல். "போதும்ப்பா. இந்தச் சித்திரவதை வேணாம். நான் பேர எழுதிர்றேன்."

"சார்" என்று கீழேயிருந்து தவமணி சத்தம் போட்டாள், "ஆறு படி எறங்குனதுக்கே ஒங்களுக்கு மூச்சு வாங்குது. ஒங்கள வீட்ல இருந்து வேல பாக்கச் சொன்னமா?"

சிரிப்பு அடங்கியதும் நஸ்ரின் சிரிக்காமல் சொன்னாள்: "சார், ஏறுறது அவ வேலை. அத அவ செஞ்சுட்டு இருக்கா, இன்னிக்குப் பன்னெண்டு, அடுத்த மாசம் என்னவோ. கிளாஸக் கீழ எறக்குறது ஒங்க வேலை. அவ ஏறுறான்னு நீங்க எறக்காம இருக்க முடியாது, நீங்க எறக்கலைன்னு அவ பேர வெட்டவும் முடியாது. ஒரு பிள்ள பாடம் படிக்குறதுக்கு முன்னாடி பரீட்சை எழுதிட்டா உள்ள வரணும்?"

அவர் பட்டியலைப் பார்த்தார். மேலே முப்பது தலைகளைப் பார்த்தார். யாரோ ஒரு பொடிசு, "சார், சந்தனமாரி இல்லாட்டி எங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடு வராது சார்" என்றது.

"கீழ ரூம்ல ஒடஞ்ச பெஞ்சு நாப்பது கெடக்கேம்மா" என்றார் அவர், குரல் தணிந்து. "அத எங்க கொண்டுபோய்..."

"அதத் தூக்குறதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம்" என்றார் குருந்தப்பன் மேஸ்திரி. ஒன்பது வாரமாகத் தூக்க எதுவும் கிடைக்காத கைகளைப் போல அந்த ஆறு பேரும் கீழறைக்குள் புகுந்தார்கள். முதல் பெஞ்சு வெளியே வருகிற சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் மூன்றாம் வகுப்பு கீழே என்று, யாரையும் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படியென்றால் இன்றைக்கு? மேலே வகுப்பு இருந்தது, ஆறு படி பாக்கி இருந்தது, பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பூமிநாதன் படியில் முழங்காலிட்டு, அவள் முகம் தன் முகத்துக்கு நேராக வரும்வரை குனிந்தான். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த ஒரு காரியத்தை வார்த்தையாகச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் கேட்டான்.

"பாப்பா, அப்பா தூக்கவா?"

சந்தனமாரி கவுனின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். மேலே பாக்கியிருந்த படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு கீழே வந்த வழியையும் பார்த்தாள். இடது கையைக் குழாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏறுறதுக்கு வேணாம்ப்பா. எறங்கும்போது மறுபடி கேளு, யோசிச்சுச் சொல்றேன்."